கறுத்த எழுத்தும் மெலிந்த எழுத்தும்

மூன்றாவது தடவை தட்டியதும் திறந்துகொண்டது.

குளச்சலில் கடற்கரைக்கு இறங்கும் சாலையில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஆள் யாரும் இல்லை. கீழே ரொட்டி வேகும் வாசமும் ஜன்னல் வழியாக மீன் வாடையும் வந்துகொண்டிருந்தன. நான் ஐந்தாம் நம்பர் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரையில் என் தோழி ஜெசிந்தாவின் மெயில் பெட்டி. பாஸ்வேர்டை அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன்.

முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

அதோடு மூடிவிட்டு எழுந்திருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை. மேலே முதலாவதாக இருந்த மெயிலைத் திறந்தேன்.

கடிதம் போட்டவர்களுக்கு

என் வேலை என்னவென்று சில வாரங்களுக்கு முன்பு இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். கம்பெனிகள் எங்களை அழைத்து, "எங்கள் தளத்தை உடைத்துப் பாருங்கள், எங்கே ஓட்டை இருக்கிறதென்று சொல்லுங்கள்" என்பார்கள். நாங்கள் உடைத்துப் பார்த்து எழுதிக் கொடுப்போம். அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் என் மேஜையில் ஒரு கட்டு கிடக்கின்றன.

பாதிப் பேர் மாணவர்கள். ஹேக்கிங் கற்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். மீதிப் பேரில் சிலர் மனைவியின் போனைத் திறந்து தரச் சொல்கிறார்கள். ஒருவர் மருமகளின் போன். அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மாணவர்களுக்குச் சுருக்கமான பதில் ஒன்று உண்டு. ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரோடு எப்படிப் பேசுகிறது என்று முதலில் படியுங்கள். லினக்ஸ் பழகுங்கள். சின்னதாக ஏதாவது ஒரு மொழியில் நாலு வரி நிரல் எழுதத் தெரிய வேண்டும். பழைய மெஷின் இரண்டை வாங்கி ஒயர் போட்டு இணைத்து, ஒன்றிலிருந்து மற்றதை உடையுங்கள். பழகுவதற்கென்றே வேண்டுமென்று ஓட்டையோடு செய்து வைத்த தளங்கள் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் மோதுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

இது போதும் என்பவர்கள் இங்கேயே பக்கத்தைத் திருப்பிவிடலாம். நான் அப்படித் தொடங்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் முழுவதும்.

விண்டோஸ் எங்கே போனது

சுனாமி வந்துபோய் ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். நான் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்ற பெயரில் அந்த சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உரிமையாளர் ஹமீது காக்கா; முஸ்லிம் பெரியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். பத்து வருடம் துபாயில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எட்டு மெஷின். உப்புக்காற்றில் கேபினெட்டின் திருகாணியெல்லாம் துருப்பிடித்துவிடும் என்று, சாயங்காலம் ஒவ்வொன்றையும் பழைய கைலியால் மூடிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்.

காலையில் கூட்டம் இருக்காது. நான் சும்மா இருக்க மாட்டேன். ஒரு வலைப்பக்கத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் அதன் உள்பக்கம் தெரியும் என்று கண்டுபிடித்த அன்று முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டையைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்பதுபோல இருந்தது. ஒன்றாம் நம்பர் மெஷினில் ஒரு கட்டளை தட்டி ஐந்தாம் நம்பரைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். பதில் வந்தால் ஒரு திருப்தி.

நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கியபோது கூடவே லினக்ஸ் குறுந்தகடு வந்தது. அதை ஐந்தாம் நம்பரில் ஏற்றினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்று அழுத்திக்கொண்டே போனேன். மத்தியானம் காக்கா வந்து அந்த மெஷின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"மோளே, இதுல இருந்த விண்டோஸ எங்க?"

"போச்சு காக்கா."

"எங்க போச்சு?"

"அழிஞ்சு போச்சு. தெரியாம அமத்திட்டேன்."

அவர் திட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் 'ரிப்பேர்' என்று எழுதி அந்த மெஷினில் ஒட்டினார். அன்றிலிருந்து ஐந்தாம் நம்பர் என்னுடையதானது.

அடுத்த தப்பும் சீக்கிரமே வந்தது. 'யாருடைய பாஸ்வேர்டையும் எடுக்கும் மென்பொருள்' என்று ஒரு தளத்தில் போட்டிருந்ததை நம்பி இறக்கினேன். அது முதல் வேலையாக என் பாஸ்வேர்டைத்தான் எடுத்துக்கொண்டு போனது. மறுநாள் என் மெயில் எனக்கே திறக்கவில்லை. ஹேக்கிங் கற்கப் போகிற முக்கால்வாசிப் பேர் இந்த வாசலில்தான் முதலில் இடித்துக்கொள்கிறார்கள். இன்றைக்கும் அப்படித்தான், மென்பொருளின் பெயர்தான் மாறியிருக்கிறது.

வள்ளத்தின் பெயர்

புது மெயில் கணக்குத் தொடங்க உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. கை தானாகப் பழையதையே தட்டப் போனது. அப்போதுதான் நின்று யோசித்தேன்.

என் பாஸ்வேர்டு எங்கள் அப்பாவின் வள்ளத்தின் பெயர்.

கடற்கரையில் ஒரு குடும்பத்துக்கு வீட்டுப் பெயரை விட வள்ளத்தின் பெயர்தான் அடையாளம். 'அந்தோணியார் வள்ளத்துக்காரர் மகள்' என்றால் எல்லாருக்கும் நான்தான். பங்குச் சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்துக் கடலில் இறக்கிய பெயர். கல்யாணக் கார்டில் போடுவோம், வீட்டு கேட்டில் எழுதுவோம். ஒரு ரகசிய வார்த்தை சொல் என்று கம்ப்யூட்டர் கேட்டால், மனதுக்கு நெருக்கமான அந்த ஒரே வார்த்தையைத்தான் தருவோம். அது வள்ளத்தின் இரண்டு பக்கமும் முழ உயரத்தில் பெயின்டால் எழுதி, ஊரே பார்க்கக் கரையில் கிடக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பாஸ்வேர்டு மறந்தால் கேட்கும் கேள்விகள் அதை விட மோசம். அம்மாவின் ஊர் எது, தாத்தாவின் பெயர் என்ன என்று கேட்கும். எங்கள் ஊரில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகன், இன்ன ஊர், தாய் இன்னார் என்று மைக்கில் வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்பார்கள். அந்தக் கேள்விகளுக்கான விடை முழுக்க அதில் இருக்கும்.

இதைக் கண்டுபிடித்தது புத்தகத்திலிருந்து அல்ல. அந்த மென்பொருளிலிருந்தும் அல்ல. நான் பிறந்து வளர்ந்த கரையை ஒரு நிமிடம் அந்நியக் கண்ணால் பார்த்தேன், தெரிந்தது. எனக்கு இந்த வேலைக்கான மூளை இருக்கிறது என்று நானே முதல்முதலாக நம்பியது அன்றைக்குத்தான். அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது.

ஊகம் சரியா என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. யாருடையதில் பார்ப்பது? ஜெசிந்தா என்றால் கோபிக்க மாட்டாள், அடுத்த தடவை வரும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவள் அப்பாவின் வள்ளம் சகாயமாதா. அதைத் தட்டினேன், இல்லை. பின்னால் '1' போட்டேன், இல்லை. சுனாமியில் பழைய வள்ளம் போய், புதிதாக வாங்கியதற்கும் அதே பெயரை வைத்துப் பின்னால் '2' என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்தது.

நான் சொல்லிக் கொடுத்த பாடம்

ஜெசிந்தா நர்ஸ். தக்கலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தாள். இந்த வருடம் முடிவதற்குள் அழைப்பு வராவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பது என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவளும் சரி என்று தலையாட்டியிருந்தாள். வியாழக்கிழமை அவளுக்கு வாராந்திர லீவு. அன்று மத்தியானம் வந்து அரை மணி நேரம் மெயில் பார்ப்பாள்.

நான் திறந்த மெயில் அந்த அழைப்புதான். சனிக்கிழமை காலை கொச்சியில் நேர்காணல், அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும் என்று இருந்தது. படித்ததும் சந்தோஷம் போய் வெட்கம் வந்தது. அவள் முதலில் படிக்க வேண்டியதை நான் படித்துவிட்டேன். சட்டென்று மூடினேன். வியாழக்கிழமை அவளே பார்ப்பாள், துள்ளுவாள், நான் தெரியாததுபோல் இருந்துவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்தாள். இரண்டாம் நம்பரில் உட்கார்ந்தாள். நான் வேறு ஒருவருக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டாள்.

"என்னட்டி, அதுக்குள்ள கெளம்பிட்ட?"

"ஒண்ணும் வரல்ல மக்கா. பூரா விளம்பரம். எல்லாத்தயும் அழிச்சிட்டேன். இனி வரவா போவுது."

மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போய்விட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

சென்டருக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் நான் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன். நேரம் வீணாகாமல் இருக்க அதுதான் சுருக்கு வழி. கறுத்துத் தடித்து இருந்தால் புதுசு, திற. மெலிந்து இருந்தால் பழையது, விடு. ஒரு மெயிலை யாராவது ஒருமுறை திறந்துவிட்டால் அதன் தலைப்பு மெலிந்துவிடும். ஜெசிந்தாவுக்கும் அந்தப் பாடத்தைச் சொன்னது நான்தான். செவ்வாய்க்கிழமை அந்த எழுத்தை மெலிய வைத்ததும் நான்தான். அதற்கு மேலே இரண்டு நாள் விளம்பரங்கள் வந்து விழுந்து, அதைக் கீழே தள்ளியிருந்தன. அவள் கறுப்பை மட்டும் பார்த்து அழித்துவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள் இருந்தது.

இரண்டாவது தடவை

ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எழுதுவதற்கு எளிதாக இருக்கிறது. அன்றைக்கு நான் செய்தது வேறு.

வாசித்த மெயிலை வாசிக்காதது மாதிரி மறுபடி கறுப்பாக்க ஒரு வசதி உண்டு என்று எங்கோ பார்த்திருந்தேன். ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்து அவள் பெட்டியை இரண்டாவது தடவை திறந்தேன். அந்த மெயிலைக் கண்டுபிடித்துக் கறுப்பாக்கினேன். முதல் தடவை விளையாட்டு என்று சொல்லலாம். இரண்டாவது தடவை என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தே செய்தேன். முந்தையதை விட கச்சிதமாகச் செய்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

காக்காவிடம் ஒரு மணி நேரம் வெளியே போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மண்டைக்காடு போகும் பஸ்ஸில் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். யூனிபாரத்தைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இப்பம்தானே பாத்தோம். என்ன சங்கதி?"

"மெயில இன்னும் ஒருக்க பாத்துருவோம், வா."

"ஒண்ணுமில்லன்னு சொன்னம்லா."

"சில நேரம் பிந்தி வரும் ஜெசி. வந்து பாரு."

கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சார்ட் பார்க்கிறவள்

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்ததால் திரை சரியாகத் தெரியவில்லை. அவள் கையால் மறைத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தாள். மெலிந்த எழுத்துகளுக்கு மேலே முதல் வரி மட்டும் கறுப்பாக இருந்தது.

திறந்தாள். படித்தாள். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"கொச்சி. சனிக்கெழம. ஏட்டி ஸ்டெல்லா, கூப்பிட்டிருக்காவ."

தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. அவள் பிடி தளர்ந்தது. நோயாளியின் சார்ட்டில் நேரத்தைப் பார்த்துப் பார்த்து மருந்து கொடுத்துப் பழகியவள். மெயிலின் தலையில் இருந்த நாளைப் பார்த்துவிட்டாள்.

"இது செவ்வாக்கெழம மத்தியானம் வந்திருக்கு."

பட்டியலுக்குத் திரும்பி மற்ற நாள்களையும் பார்த்தாள்.

"இன்னைக்கு மத்தியானம் நான் பாக்கும்போ இது கறுப்பா இல்ல. கறுப்பா இருந்த எல்லாத்தயும் நான்தான் அழிச்சேன். இது கறுப்பா இருந்திருந்தா இதும் போயிருக்கும், இல்லன்னா கண்ணுல பட்டிருக்கும். இது எப்பிடி இப்பம் கறுத்துச்சு?"

"நாந்தான் தொறந்தேன்."

"எத?"

"ஒன் மெயில. செவ்வாக்கெழம தொறந்தேன். பெறவு இன்னைக்கு, நீ போனதுக்கு அப்புறம்."

"பாஸ்வேர்டு?"

"வள்ளத்துப் பேரு."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காக்கா முன்மேஜையில் ரேடியோவைத் தாழ்த்தி வைத்தார். அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எதுக்குட்டி?"

"முடியுமான்னு பாக்க."

இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் ஏதாவது இருக்கும் என்று பல வருடம் தேடியிருக்கிறேன். இல்லை. அதுதான் உண்மை. முடியுமா என்று பார்க்கத்தான் செய்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லாரையும் முதலில் இழுப்பது அந்த ஆசைதான். அது இல்லாதவர்களுக்கு இந்த வேலை வராது.

"வேற என்னெல்லாம் வாசிச்ச?"

"இது ஒண்ணுதான். சத்தியமா."

"அத நான் எப்பிடி நம்பதுக்கு?"

எதையெல்லாம் திறந்தோம் என்று காட்டிவிடலாம், எதைத் திறக்கவில்லை என்று நிரூபிப்பது கடினம். இன்றைக்கு நாங்கள் ஒரு கம்பெனியின் வேலையைத் தொடுவதற்கு முன்னால், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று எழுத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். அது இல்லாமல் செய்தால் சட்டப்படி குற்றம் என்பது ஒரு காரணம். எனக்கு மட்டும் இன்னொரு காரணம் உண்டு. கையெழுத்து வாங்கும்போதெல்லாம் அவள் அடுத்து சொன்னது காதில் விழும்.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே தொறந்து காட்டியிருப்பம்லா."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் எங்கே தப்பு விட்டோம் என்று தோழிக்குக் காட்டுகிற குரலில் சொன்னாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

நடுவில் ஒரு தகவல்

வாசகர்கள் தவிக்க வேண்டாம். மறுநாள் இரணியல் ஸ்டேஷனில் ரயிலேறிப் போனாள். சனிக்கிழமை நேர்காணலில் தேர்வானாள். சில மாதத்தில் குவைத் போனாள், அங்கேயே கல்யாணமும் குடும்பமுமாக இருக்கிறாள். இந்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் போனில் அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, போடலாமா என்று கேட்டேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள். மாற்றியிருக்கிறேன். வள்ளத்தின் பெயரையும்தான்.

நாங்கள் இப்போதும் பேசிக்கொள்கிறோம். பிள்ளைகளின் மார்க், முட்டுவலி என்று எல்லாம் பேசுகிறோம். ஆனால் அவள் என்னிடம் ஒன்றைச் சொல்லத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, வேறு பேச்சுக்குப் போவது எப்போதாவது நடக்கும். அப்போது நான் தூண்டிக் கேட்பதில்லை.

அன்று சாயங்காலத்துக்கு வருகிறேன்.

பாஸ்வேர்டு மாற்றம்

அழைப்புக் கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். மடித்துக் கைப்பையில் வைத்தாள். எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"பாஸ்வேர்டு மாத்தணும். எப்பிடின்னு சொல்லு."

இதை அவள் யாரிடம் கேட்கிறாள் என்று ஒரு கணம் புரியவில்லை. வேறு ஆளும் அங்கே இல்லை. எங்கே அழுத்த வேண்டும் என்று விரலால் காட்டினேன். பழைய பாஸ்வேர்டைக் கேட்டது. நான் பார்க்கவே தட்டினாள், இனி அதை மறைத்து என்ன பயன். அடுத்து புதியதைக் கேட்டது. கர்சர் காலிக் கட்டத்தில் விட்டுவிட்டு எரிந்தது.

"எழுத்தும் நம்பரும் கலந்து போடு ஜெசி. பேரு ஒண்ணும் வேண்டாம். நீளமா இருக்கட்டு. யாருக்கும் சொல்லாத."

"ம்."

விரல்களைக் கீபோர்டு கட்டைகள்மேல் வைத்தாள். தட்டவில்லை. வைத்தபடியே இருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பத்து வருடம் ஒரே பெஞ்சில் படித்தவள். பரீட்சையில் விடைத்தாளை என் பக்கம் சாய்த்து வைத்தவள். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிய இவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது.

நான் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

அதற்குப் பிறகுதான் கட்டைகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது.